தண்ணி குடிக்கிற கயிறு

கண்ணாடிக்குள் எச்சிலைத் துப்பி விரலால் தேய்த்துவிட்டால் தண்ணீருக்கடியில் பனி பிடிக்காதாம். தனுஷ்கோடி அதை எங்களுக்குச் செய்தே காட்டினான். தொண்டையைக் காறி, வெற்றிலைச் சிவப்போடு ஒரு வாய் துப்பி, பெருவிரலால் வட்டமாகத் தேய்த்து, அப்படியே மூஞ்சியில் மாட்டிக்கொண்டான். "பாத்தீகளா மதினி, எம்புட்டுத் தெளிவாத் தெரியுது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். காலையில் குடித்த கம்மங்கூழ் எனக்கு நெஞ்சுவரை வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டிக்குக் கிணற்றில் முங்கிச் சாமான் எடுக்கிற பிழைப்பு. வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசி வரை எந்தக் கிணற்றில் குடம் விழுந்தாலும், பம்புக் குழாய் சேற்றில் மாட்டிக்கொண்டாலும், ஆளே விழுந்தாலும் இவரைத்தான் கூப்பிட்டு விடுவார்கள். தனுஷ்கோடிக்கும் அதே தொழில்தான். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கப் போய்ச் சில வருஷம் இருந்துவிட்டு, ஒரு தகரப் பெட்டி நிறையச் சாமானோடு திரும்பி வந்திருந்தான். வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. ஆனால் ஒருவர் சாமானை ஒருவர் பார்க்காமலும் இருக்க முடியாது.

முங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது மச்சினனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் ஒரு முறை. கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவனும் கயிற்றை நழுவ விடமாட்டான் என்று ஒரு கணக்கு. எனக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. அதனால் கயிறு என் கைக்கு வந்தது. பொம்பளை கயிறு பிடிக்கிறாள் என்று ஊரில் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். போன மாதம் நாரணாபுரத்தில் ஒரு கிணற்றிலிருந்து ஏறும்போது இவருக்குக் காதில் ரத்தம் வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். ஒரு நாள் நான் இழுப்பேன், கயிறு கனமாக வரும், மறுமுனையில் உயிர் இருக்காது. "போதும், விட்ருங்க" என்று தினமும் சொன்னேன். "விட்ருறேன் புள்ள, இந்தச் சித்திரை முடியட்டும்" என்று அவரும் தினமும் சொன்னார்.

அது அறுபத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை. தாயில்பட்டியில் சோலைச்சாமி என்று ஒரு சம்சாரி, கரிசல் நிலமும் பெரிய கிணறும் ஆயில் இஞ்சினும் உள்ளவர். அவருடைய வேலையாள் வந்து, "மொதலாளி கிணத்துல மருந்து டின்னு விழுந்திருச்சாம். இன்னைக்கே முங்கி எடுக்கணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கிணற்றை ஒட்டித்தான் ஒரு பட்டாசுக் கம்பெனியின் சுற்றுச்சுவர். கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்டு பிள்ளைகள் குடிக்க, நாள் தவறாமல் சாயங்காலம் பீப்பாய் வண்டியில் அங்கிருந்துதான் தண்ணீர் போகும். தண்ணீர் எடுக்க வந்தவன் எவனோ டின்னைத் தவறவிட்டிருப்பான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் ஒன்றுதான், வெடிமருந்து. கல்யாணத்துக்கு முன்னால் நானே ஒரு கம்பெனியில் லேபிள் ஒட்டினவள். மருந்து இடிக்கிறது, மருந்து சலிக்கிறது, மருந்து ரூம், மருந்து பட்ட சேலை என்று எந்நேரமும் அந்தச் சொல் எங்கள் வாயில் கிடக்கும். அதற்கு இன்னொரு அர்த்தம் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் கூடவே கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் தனுஷ்கோடி எங்களுக்கு முன்னாலேயே பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறான். சோலைச்சாமி இரண்டு பேருக்கும் ஆள் விட்டிருக்கிறார். யார் எடுத்தாலும் சரி, டின் வெளியே வர வேண்டும் அவருக்கு. மோட்டார் ரூம் நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "சட்டுப்புட்டுன்னு எறங்குங்கலே, சாயங்காலம் தண்ணி வண்டி வந்துரும்" என்றார்.

யார் கேட்டார்கள்? ஒருவன் சாமானைப் பார்த்ததும் இன்னொருவருக்குப் பொறுக்கவில்லை. இவரும் மூட்டையை அவிழ்த்துப் பரப்பிவிட்டார். சந்தைக்கடை போட்ட மாதிரி புங்கமரத்தடியில் இரண்டு குவியல். எச்சில் கண்ணாடியைக் கழற்றி தனுஷ்கோடி இவரிடம் நீட்டினான். கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கியதாம். மூக்கும் இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே கண்ணாடிக்குள் அடங்கிவிடும்.

"மூக்கை எதுக்குலே உள்ள வைக்கணும்?" என்றார் இவர். "சளி ஒழுகி அதுக்குள்ளேயே கெடக்கவா?"

"கெடக்கத்தாண்ணே செய்யும். ஏறுன பெறகு கழுவிக்கிடலாம். மூக்கு உள்ள இருந்தாத்தான் ஆழத்துல ஊதிச் சமாளிக்கலாம். ஒங்க கண்ணாடி கண்ணை உறிஞ்சி வெளிய எடுத்துருமே."

இவருடையது சைக்கிள் டியூபை வெட்டி, சன்னல் கண்ணாடித் துண்டு இரண்டைத் தார் வைத்து ஒட்டியது. தாரும் வியர்வையும் கலந்து ஒரு நாற்றம் வரும். "ரெண்டு கண்ணுக்கு ரெண்டு கண்ணாடி. ஒண்ணுல தண்ணி பூந்தாலும் இன்னொண்ணு பாக்கும். ஒன்னது போனா மொத்தமும் போச்சு" என்றார். சொல்லிக்கொண்டே அந்த எச்சில் கண்ணாடியை வாங்கி, என் கண் முன்னாலேயே, துடைக்காமல் கொள்ளாமல் தன் மூஞ்சியில் மாட்டிப் பார்த்தார். எனக்கு அவரோடு இனிமேல் ஒரு தட்டில் சாப்பிட முடியுமா என்று இருந்தது.

அடுத்தது கனம். தண்ணீருக்குள் சீக்கிரம் இறங்க இடுப்பில் கனம் கட்டிக்கொள்ள வேண்டும். தனுஷ்கோடி ஈயக்கட்டி கோத்த வார் வைத்திருந்தான். இவர் வைத்திருந்தது என் அம்மிக் குழவி. முனை உடைந்துவிட்டது என்று நான் மூலையில் போட்டதை எடுத்துக்கொண்டு போனவர்தான். "அடியில போனதும் குழவியை விட்டுட்டு ஏறிருவேன். நீ ஈயத்தையும் கட்டிக்கிட்டுக் கெட" என்றார். "கொழவிக்குப் பெறகு ஆட்டுக்கல்லாண்ணே?" என்றான் அவன்.

பிறகு அவன் லாரி டியூப் ஒன்றை எடுத்தான். அதில் காற்றை அடைத்து, ஒரு குழாய் வைத்து, வாயால் கடித்துக்கொண்டு முங்கினால் இரண்டு மூன்று மூச்சு கூடுதலாகக் கிடைக்குமாம். குழாயின் முனை முழுக்கப் பல் பதிந்து, புகையிலைக் கறை ஏறி, நாய் கடித்துப் போட்ட எலும்பு மாதிரி இருந்தது. "அதுக்குள்ள இருக்கது காத்தால? லாரி விட்ட கொட்டாவி" என்று இவர் சிரித்தார். சிரித்துவிட்டு அந்த முனையை வாங்கி வாயில் வைத்து உறிஞ்சியும் பார்த்தார்.

"ரப்பர் நாத்தம் கொடலைப் பொரட்டுதுலே."

"பழகிருச்சுண்ணே. இப்பல்லாம் அந்த நாத்தம் இல்லாட்டித்தான் எனக்கு மூச்சு முட்டுது."

தோற்கக் கூடாது என்று இவர் பாதாளக்கரண்டியை எடுத்து நடுவில் வைத்தார். கொக்கி கொக்கியாக இருக்கும் அந்த இரும்புதான் இவருடைய பெருமை. "குடமும் இதுலதான் வரும், பொணமும் இதுலதான் வரும்" என்று தட்டினார். உண்மைதான். போன மாதம் நாரணாபுரத்தில் விழுந்தவளை இதில்தான் எடுத்தார். நான் புளி போட்டுத் தேய்த்தும் ஒரு கொக்கியின் அடியில் நீளமாக ஒரு மயிர் சுற்றிக்கொண்டு இருந்தது. தனுஷ்கோடி அதைப் பார்த்தான். முகம் சுளிக்கவில்லை. விரலால் சுண்டிவிட்டு, "கொக்கி வளைவு நல்லாருக்கு. எந்தப் பட்டறையில அடிச்சீக?" என்று கேட்டான். நான் எழுந்து அந்தப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

கடைசியில் கயிற்றுக்கு வந்தார்கள். தனுஷ்கோடியுடையது நைலான் கயிறு, மெல்லிசு, வழவழவென்று மினுங்கும். எங்களுடையது தேங்காய்நார்க் கயிறு.

"மதினி கையப் பாருங்க, நாரு குத்திக் குத்திக் காய்ச்சுப்போச்சு" என்றான். "நைலான் தண்ணியே குடிக்காது. ஒரு ஒதறு ஒதறினா காஞ்சிரும். ஒங்க கயிறு பாதிக் கிணத்தைக் குடிச்சுட்டு வீடு வரைக்கும் ஒழுகிட்டே வருமே."

"ஒழுகட்டும்லே. வழுக்குற கயித்தை நம்பி உசிரைக் குடுக்க முடியுமா? நாரு கையில நிக்கும். நான் அடியில விரலை அசைச்சாலும் மேல இவளுக்குத் தெரியும்."

அவர் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது.

இவ்வளவு பேசினார்களே, மருந்தைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு பேச்சு. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு இவர்தான், "தண்ணி வெள்ளையாக் கெடக்கே" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு ஓரமாக, பால் கொட்டிய மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. ஒரு தவளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடையும் வந்தது. "வெடியுப்பு கரைஞ்சிருக்கும்ணே. வாடை இஞ்சின் வாடை. நனைஞ்ச மருந்தும் நாய் மூத்திரமும் ஒண்ணுதான், என்ன செய்யும்?" என்றான் தனுஷ்கோடி. இரண்டு பேரும் சிரித்தார்கள். கட்டிலில் இருந்து சோலைச்சாமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"தவளை செத்துக் கெடக்கே மொதலாளி" என்றேன் நான்.

"வெயிலு அப்பிடி அடிக்குது. ஆளுகளை எறங்கச் சொல்லு தாயி."

தனுஷ்கோடி சைக்கிள் பம்பை வைத்து லாரி டியூபுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தான். அது ரொம்பப் பொழுது பிடிக்கிற வேலை. அதற்குள் எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று இவருக்கு அவசரம். கோவணத்தை இறுக்கிக் கட்டி, குழவியையும் கயிற்றையும் இடுப்பில் கட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினார்.

இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கிணற்றிலும் முதலில் ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடிக்காமல் முங்க மாட்டார். குடித்தால் கிணறு நம்மைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் என்பார். பாசி பிடித்த கிணற்றிலும் குடிப்பார், பிணம் கிடந்த கிணற்றிலும் குடித்திருக்கிறார். அன்றைக்கும் குனிந்து அள்ளினார். வாயில் வைத்ததும் முகம் கோணியது.

"கசக்குது."

"துப்புங்க" என்று கத்தினேன்.

மேலே தனுஷ்கோடி பம்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "பழைய ஆளுக எல்லாம் தண்ணியைக் குடிச்சுட்டுத்தான் முங்குவாக. இப்பத் துப்பினா கிணறு கோவிச்சுக்கிடாதாண்ணே?" என்றான். இவர் அவனை நிமிர்ந்து பார்த்து, மடக்கென்று விழுங்கினார். அதோடு விட்டாரா? இன்னொரு கையும் அள்ளிக் குடித்தார். ஆம்பிளைகள் போட்டி போட்டால் இப்படித்தான் மூளை போகும்.

முங்கினார். கயிறு என் கைக்குள் ஓடி, நின்று, அசைந்தது. முதல் தடவை வெறுங்கையோடு மேலே வந்தார். மறு தடவை பாதாளக்கரண்டியில் மாட்டிக்கொண்டு டின் வந்தது. மூடி கழன்றிருந்தது. உள்ளே இருந்த மிச்சம் வெள்ளையாக அவர் மார்பிலும் வயிற்றிலும் வழிந்தது. "பாத்தியாலே, லாரியும் இல்ல, கப்பலும் இல்ல" என்று தனுஷ்கோடியைப் பார்த்துக் கத்திக்கொண்டே படியேறி வந்தார்.

சோலைச்சாமி கட்டிலை விட்டு எழுந்து வந்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அதற்கப்புறம்தான் டின்னை வாங்கினார். அதைக் கண்டதும்தான் நான் டின்னைப் பார்த்தேன். படிக்கத் தெரியாவிட்டாலும் படம் தெரியும், எத்தனை ஆயிரம் லேபிள் ஒட்டியிருப்பேன். டின்னில் பருத்திக்காய் ஒன்றும் அதைக் குடைகிற பச்சைப் புழு ஒன்றும் போட்டிருந்தது. எந்தப் பட்டாசுக் கம்பெனிக்காரன் புழுப் படம் போடுவான்?

"மொதலாளி, இது என்ன மருந்து?"

"பருத்திக்கு அடிக்கிற மருந்து. புதுசா வந்திருக்குல்லா, பூச்சிக்கு. கிணத்து மேட்டுல வச்சுக் கலக்கும்போது தவறிருச்சு."

"நீங்க சொல்லலையே!"

"மருந்துன்னு சொல்லித்தானத்தா ஆள் விட்டேன்."

அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்ட மனுஷன் மாதிரி டின்னைத் துண்டோடு சுருட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போனார். வெடியுப்பு, நாய் மூத்திரம் என்று இவர்கள் சிரித்தபோது கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மனுஷன். ஒரு சொல் கூடச் சேர்த்துச் சொல்ல அவருக்கு வாய் வலித்திருக்கிறது. பூச்சி என்று சொன்னால் கம்பெனி வண்டி தண்ணீர் எடுக்காது, ஊர் கேள்வி கேட்கும். அந்த ஒரு சொல்லைத்தான் விழுங்கிவிட்டார். இத்தனை நேரம் எச்சிலையும் சளியையும் மயிரையும் பார்த்துக் குமட்டினேனே, அதெல்லாம் அந்த மனுஷனுக்கு முன்னால் சுத்தம்.

இவர் வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கச் சொன்னேன். "ஒண்ணும் செய்யாது புள்ள, ரெண்டு கைதான்" என்றார். சொல்லும்போதே உதடு துடித்தது. கை விரல்கள் தானாக இழுத்தன. பிறகு மரம் சாய்ந்த மாதிரி விழுந்து வெட்டிவெட்டி இழுக்க ஆரம்பித்தது. பல் கடித்து நாக்கில் ரத்தம். வெட்டு வந்தவன் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று தனுஷ்கோடி ஓடி வந்து அந்தப் பாதாளக்கரண்டியை எடுத்து அவர் கையில் திணித்தான். அந்த மயிர் இருந்த கொக்கியை. நான் அதைப் பிடுங்கி வீசினேன்.

கம்பெனியில் போய்க் கத்தினேன். வேன் கொடுத்தார்கள். அய்யாதுரை என்ற டிரைவர் நல்ல மனுஷன், தானே இவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சிவகாசிக்கு ஓட்டினார். தனுஷ்கோடியும் காலைப் பிடித்துக்கொண்டு கூட வந்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேனில் ஏறுவதற்கு முன்னால் ஓடிப்போய்த் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் வந்தான். என் தோளில் நார்க்கயிறு கிடந்தது. அதைப் போட்டுவிட்டு வர வேண்டும் என்ற நினைப்புகூட எனக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில், "என்னாச்சு?" என்று கேட்டார்கள். நான் பதறிக்கொண்டு, "மருந்து குடிச்சுட்டாருய்யா" என்றேன்.

அவ்வளவுதான். அந்த வார்த்தை என் வாயிலிருந்து விழுந்ததும் அங்கிருந்தவர்கள் முகமெல்லாம் மாறிவிட்டது. நம் ஊரில் ஒருவன் மருந்து குடித்தான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே கொண்டுபோய் ஊசி போட்டார்கள், குழாய் விட்டுக் குடலைக் கழுவினார்கள், டாக்டர் குறை வைக்கவில்லை. வெளியே எனக்கு முன்னால் போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தார்.

"எதுக்கும்மா மருந்து குடிச்சான்? வீட்டுல சண்டையா?"

"சண்டை இல்லய்யா. கிணத்துத் தண்ணியத்தான் குடிச்சாரு. அதுல பூச்சிமருந்து கலந்து கெடந்துச்சு. எங்ககிட்டச் சொல்லல."

அதற்குள் சோலைச்சாமியும் வந்துவிட்டார், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில். போலீஸ்காரர் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, "நல்ல முங்குறவன் பாவம். என்ன மன வெசனமோ, மருந்தைக் குடிச்சுட்டான்" என்றார்.

"ஒங்க கிணத்துல மருந்து கெடந்ததாச் சொல்லுதே இந்தம்மா?"

"என் கிணத்துல வெறும் தண்ணிதான்யா கெடக்கு. ஊரே குடிக்குது. நானும்தான் குடிக்கேன்."

"டின்னு?" என்று நான் கத்தினேன். "துண்டைச் சுத்தி வாங்குனீகளே, அந்த டின்னு?"

"எந்த டின்னு?"

நான் தனுஷ்கோடியைப் பார்த்தேன். தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர், "நீ அங்கனதான இருந்தே?" என்று கேட்டார். அவன் சோலைச்சாமியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். சோலைச்சாமி சாதிசனத்துக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை கிணறு உண்டு என்று அவனுக்குத் தெரியும்.

"நான் டியூபுக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருந்தேன்யா. சரியாக் கவனிக்கல" என்றான்.

எச்சில் துப்பித் துடைத்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று சொன்ன வாய் அது. உள்ளே உயிர் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியவில்லை. பிழைக்காவிட்டால் பொண்டாட்டி கொடுமை தாங்காமல் மருந்து குடித்துச் செத்தான் என்றுதான் ஊர் சொல்லும். என் வாயால் நானே அதற்கு வழி பண்ணிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. அருவருப்புதான் வந்தது, அந்த மூன்று பேர் உட்கார்ந்திருந்த காற்றை இழுக்கவே பிடிக்காமல்.

அப்போது ஆஸ்பத்திரி ஆயா தரையைக் காட்டி என்னை அதட்டினாள். "என்னம்மா இது, வழியெல்லாம் ஒழுகுது? வெள்ளையா என்னத்தக் கொண்டாந்திருக்கே?"

குனிந்து பார்த்தேன். என் தோளில் கிடந்த கயிறு ஒழுகிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்து நான் நின்ற இடம் வரைக்கும் சொட்டுச் சொட்டாக வெள்ளைக் கறை. ஏழு மைலா, எட்டு மைலா? தாயில்பட்டியிலிருந்து சிவகாசி வரைக்கும் அந்த நார்க்கயிறு பாதிக் கிணற்றைக் குடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

யோசிக்கவில்லை. கயிற்றின் ஈர முனையை உருவிப் பிடித்து, சோலைச்சாமி மூஞ்சிக்கு நேராக ஓங்கி ஒரு உதறு உதறினேன்.

"ஏ பாவி!" மனுஷன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். "வெசம்! வெசம்டீ அது! கண்ணுல விழுந்திருச்சு! சோப்பு கொண்டாங்க, சோப்பு!" என்று அலறிக்கொண்டு முற்றத்துக் குழாய்க்கு ஓடினார். வேட்டி அவிழ்ந்தது கூடத் தெரியாமல் மூஞ்சியைக் கழுவினார், கழுவினார், வாயைக் கொப்பளித்தார், மறுபடியும் கழுவினார். "உதட்டுல பட்டுச்சா? உதட்டுல பட்டுச்சா?" என்று பக்கத்தில் நின்ற நோயாளியிடம் முகத்தைக் காட்டிக் கேட்டார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போலீஸ்காரர் மெதுவாக எழுந்து குழாயடிக்குப் போனார். "வெறும் தண்ணிதானய்யா? நீங்களும் தினம் குடிக்கீகளே" என்றார்.

சோலைச்சாமி தலையிலிருந்து சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. பெஞ்சில் இருந்து தனுஷ்கோடி எழுந்து நின்று, "நானும் பாத்தேன்யா, தண்ணி வெள்ளையாத்தான் கெடந்துச்சு. டின்னுல புழுப் படம் போட்டிருந்துச்சு" என்றான். இப்போது அவனுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. ச்சீ என்று அவன் காதில் விழும்படியே சொன்னேன்.

"தண்ணி வண்டி! சாயங்காலத் தண்ணி வண்டியை நிப்பாட்டுங்க" என்று நான் கத்த, அய்யாதுரை வேனைத் திருப்பிக்கொண்டு கம்பெனிக்குப் பறந்தார். வண்டி பீப்பாயை நிரப்பிக்கொண்டு கம்பெனி வாசலில் நின்றதாம், இன்னும் பானைகளில் ஊற்றவில்லை. அந்தக் கம்பெனியில் எத்தனை பிள்ளைகள் வேலை பார்த்தன! கயிற்றைப் போலீஸ்காரர் ஒரு சாக்கில் போட்டு ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார். என் தோளெல்லாம் சிவந்து எரிந்தது. திட்டிய ஆயாவே என்னைக் குழாயடியில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள்.

மறுநாள் காலையில் இவர் கண் திறந்தார். வெட்டு நின்றிருந்தது. டாக்டர், பிழைத்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தேன். கடிபட்ட நாக்கு வீங்கி வாய்க்குள் அடங்காமல் கிடந்தது. எதையோ சொல்ல வந்தார். என் பேரைச் சொல்லப் போகிறார், இல்லாவிட்டால் தண்ணீர் கேட்கப் போகிறார் என்று காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"தனுஷ்கோடி முங்குனானா?" என்றார். "அந்தக் கண்ணாடியில பனி புடிச்சுச்சா?"

எனக்கு அவரை அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. ஒரு ராத்திரி முழுக்க இந்த உயிரைக் கொடு என்று எந்தத் தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். உயிர் திரும்பி வந்ததும் முதலில் கேட்கிற கேள்வி இது.

"அவன் எறங்கவே இல்ல" என்றேன்.

இவர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டாராம். கையை நீட்டி என் உள்ளங்கையைத் தடவினார், காய்ப்புக் காய்ப்பாக இருந்த இடத்தை.

"கயிறு எங்க புள்ள?"

உங்கள் கயிறுதான் நம்மைக் காப்பாற்றியது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நைலானைத் தோற்கடித்த கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, நாக்கு வீக்கம் வடிவதற்குள் அடுத்த கிணற்றுப் படியில் நிற்பார்.

"போலீஸ் ஸ்டேஷன்ல கெடக்கு" என்றேன். "நான் போய்க் கேக்க மாட்டேன். இனிமே ஒங்களுக்குக் கயிறு புடிக்கவும் மாட்டேன்."